கரகரக்கும் பழைய ஸ்பின்னிங் ரீலைப் பிரித்து, கழுவி, எண்ணெயிட்டுப் பூட்டுவது எப்படி

தூண்டில் கழியில் பூட்டி நரம்பைச் சுற்றும் ரீலின் கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே மணல் அரைபடுகிற சத்தம். நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல் மேலேறி இறங்கும்போது ஓரிடத்தில் தயக்கம். மீன் இழுக்கையில் டிராக் (நரம்பு அறாமல் இளகவிடும் பிரேக்) ஒரே சீராக இளகாமல், பிடித்துப் பிடித்து விடுகிறது. இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் ரீலைத் திறக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

கரையிலும் தூண்டில் வளைவுக் கற்களிலும் நின்று பாறை மீன், சீலா, கொடுவா என்று பிடிப்பவர்கள் வைத்திருக்கும், நடுத்தரமான 4000 அளவு ஸ்பின்னிங் ரீலைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். டிராக் குமிழ் ஸ்பூலின் முன்பக்கம் இருக்கும் வகை. ஏரியில் விறால் பிடிக்கும் சின்ன ரீலுக்கும் இதே முறைதான். உப்பின் தொல்லை மட்டும் இருக்காது.

பிரித்த ரீலைப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு, "அண்ணே, பூட்ட முடியல" என்று வரும் தம்பிகளின் ரீல்களைப் பல வருடமாகப் பார்க்கிறேன். உள்ளே உப்பு இருக்கும்போதே அதன்மேல் எண்ணெயை ஊற்றிச் சுற்றியிருப்பார்கள். உப்பும் எண்ணெயும் மணலும் சேர்ந்த அந்தக் குழம்பு, கியர் பல்லை அரம் போல ராவிவிடும். எண்ணெய் இடுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்வதை வரிசை தவறாமல் செய்தால்தான் அந்த எண்ணெய்க்குப் பயன்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

நட்சத்திரத் திருப்புளி இரண்டு அளவில், தட்டைத் திருப்புளி ஒன்று, ரோட்டர் (ஸ்பூலைச் சுற்றிச் சுழலும் பாகம்) நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், கூர்மூக்கு இடுக்கி, பழைய பல்துலக்கி இரண்டு, காது குடையும் பஞ்சுக் குச்சிகள், நூல் பிரியாத பழைய வேட்டித் துணி. திருப்புளியில் மட்டும் கவனம் வேண்டும். ஜப்பான் ரீல்களின் திருகுத் தலை ஜேஐஎஸ் என்னும் அந்நாட்டுத் தர அளவில் வெட்டப்பட்டிருக்கும். பார்வைக்குச் சாதாரண நட்சத்திரத் தலை போலவே இருந்தாலும், பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுதாக உட்காராது. அழுத்தித் திருகினால் மேலேறி வழுக்கித் தலையை மழுக்கிவிடும். ஜேஐஎஸ் திருப்புளி ஒன்று வாங்கி வைப்பது நல்லது.

திரவங்களில் மண்ணெண்ணெய் கொஞ்சம், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொஞ்சம், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு. பெட்ரோல் வேண்டாம்; அதன் ஆவி தீப்பிடிக்கும். தின்னரும் அசிட்டோனும் பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும், கிட்டவே கொண்டுவர வேண்டாம்.

உயவுக்கு மூன்று பொருள் போதும். ஒன்று, மெல்லிய எண்ணெய்; ரீல் எண்ணெய் கிடைக்காத ஊரில் தையல் மெஷின் எண்ணெய் நன்றாகவே வேலை செய்யும். இரண்டு, தண்ணீருக்குக் கரையாத கிரீஸ். படகு எஞ்சின் பார்க்கும் பட்டறைகளில் மரைன் கிரீஸ் கிடைக்கும். மூன்று, டிராக்குக்கென்றே விற்கும் டிராக் கிரீஸ்.

தேங்காயெண்ணெய் மட்டும் கூடாது. வீட்டில் கைக்கு எட்டுவதால் பலரும் அதைத்தான் முதலில் விடுகிறார்கள். சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறைந்துவிடும். நாள்பட்டால் பிசுபிசுத்துப் பசையாகும். டபிள்யூடி-40 மாதிரியான ஸ்பிரேயை இறுகிய திருகை இளக்கவும் ஈரத்தை விரட்டவும் பயன்படுத்தலாம். ஆனால் அது உள்ளே இருக்கும் கிரீஸையும் கரைத்து ஓட்டிவிட்டுத் தானும் சீக்கிரம் காய்ந்துபோகும். ரீலுக்கான எண்ணெயாக அதை நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, முட்டை அட்டை ஒன்று. கழற்றும் ஒவ்வொரு பாகமும் கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொரு குழியில் போக வேண்டும்.

2. திறக்கும் முன் வெளிக்கழுவல்

டிராக் குமிழை முழுக்க இறுக்கிவிட்டு, ரீலை நல்ல தண்ணீரில் மென்மையாக நனைத்துத் துணியால் துடையுங்கள். இறுக்குவது டிராக் வாஷர்களுக்குள் தண்ணீர் புகாமலிருக்க. குழாயை விரலால் அடைத்துப் பீய்ச்ச வேண்டாம். வேகமாக வரும் தண்ணீர், வெளியே படிந்த உப்பையும் மணலையும் இடுக்கு வழியாக உள்ளே தள்ளிவிடும்.

இதைச் செய்யாமல் திறந்தால் மூடியைத் தூக்கும்போது ஓரத்து மணல் நேராகக் கியருக்குள் விழும்.

3. பிரிக்கும் வரிசை

ஒவ்வொரு படிக்கும் முன்னால் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். பாகம் இருந்த இடமும், அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதும் தெரிய வேண்டும். நினைவில் இருக்கும் என்று விட்டால், அரை மணி நேரம் கழித்துக் கையில் ஒரு மெல்லிய வாஷரோடு முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

முதலில் ஸ்பூல். குமிழைத் திருகி எடுத்தால் ஸ்பூல் மேலே வந்துவிடும். அதன் கீழே நடுத் தண்டான ஷாஃப்டில் மெல்லிய வாஷர்கள் இருக்கும். ஸ்பூலின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. எத்தனை என்று எண்ணுங்கள். நரம்பு ஸ்பூலில் மேல்பக்கமாகக் குவிகிறதா, கீழ்ப்பக்கமாகக் குவிகிறதா என்பது இந்த வாஷர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது.

அடுத்து கைப்பிடி. பழைய ரீல்களில் எதிர்ப்பக்க மூடித் திருகைக் கழற்றினால் கைப்பிடி வெளியே வரும். நேராகக் கியருக்குள் திருகும் வகையில் ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும்). இறுகியிருக்கிறது என்று பலம் கொடுக்கும் முன், எந்தப் பக்கம் திருகுகிறோம் என்று பாருங்கள்.

மூன்றாவது ரோட்டர். அதன் நடுவே நட்டு ஒன்றும், நட்டு சுழலாமல் தடுக்கும் சிறு தகடும் திருகும் இருக்கும். தகட்டை எடுக்காமல் நட்டைத் திருகினால் மரை போய்விடும். பல ரீல்களில் இந்த நட்டும் இடது மரைதான். வழக்கமான பக்கம் மெதுவாக முயன்று அசையவில்லை என்றால், எதிர்ப்பக்கம் மெதுவாக முயலுங்கள். ரோட்டரில் இருக்கும் பெயில் கம்பியையும் (நரம்பைப் பிடித்து ஸ்பூலில் சுற்றவைக்கும் வளைகம்பி) அதன் ஸ்பிரிங்கையும் பிரிக்க வேண்டாம். பெயில் நன்றாகத் திறந்து மூடினால் அங்கே நமக்கு வேலை இல்லை. அந்த ஸ்பிரிங் துள்ளி ஓடினால் அன்றைய பொழுது அதைத் தேடுவதிலேயே போகும்.

ரோட்டர் வந்ததும் கீழே ஒன்வே பேரிங் தெரியும். கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் பிடித்துக்கொள்வது இதுதான். வட்டமாகச் சின்னச் சின்ன உருளைகள், அவற்றைத் தள்ளும் நுண்ணிய ஸ்பிரிங்குகள். இதை முழுதாக ஒரே பாகமாகத்தான் எடுக்க வேண்டும். உருளைகளைத் தனித்தனியாக எடுத்தவர்கள் யாரும் அதைத் திரும்ப அடுக்கிக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை.

இப்போது பக்க மூடி. திருகுகளைக் கழற்றியும் மூடி வரவில்லை என்றால் திருப்புளியை நுழைத்து நெம்பாதீர்கள். பின்பக்கத் தொப்பிக்குக் கீழே இன்னொரு திருகு ஒளிந்திருக்கும். நெம்பிய மூடியின் ஓரம் பிறகு சரியாக உட்காராது. உட்காராத ஓரம் கடல் தண்ணீருக்கு வாசல்.

மூடியைத் திறந்ததும் மெயின் கியர் தெரியும். அதன் இரு பக்கமும் பேரிங்குகள். பேரிங்குக்கும் கியருக்கும் நடுவில் காகிதம் போல மெல்லிய ஷிம் வாஷர்கள். கிரீஸில் ஒட்டிக்கொண்டு கண்ணில் படாமல் போவது இவைதான். கழுவும் தண்ணீரோடு சாக்கடையில் போன ஷிம்கள் எத்தனையோ. இவைதான் கியர் பல்லும், அதோடு சேர்ந்து ரோட்டரைச் சுழற்றும் சிறு கியரான பினியனின் பல்லும் எவ்வளவு நெருங்கிப் பொருந்த வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஒன்று குறைந்தால் ரீல் பழையபடி கரகரக்கும்; பக்கம் மாறினால் இறுகும். எந்தப் பக்கம் எத்தனை என்று காகிதத்தில் எழுதியே வையுங்கள்.

பிறகு மெயின் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் சிறு திருகைக் கழற்றி ஷாஃப்டை உருவினால், ஸ்பூலை ஏற்றி இறக்கும் பாகங்களும் பினியனும் வரிசையாக வந்துவிடும்.

4. அசையாத திருகு

கடலில் புழங்கிய ரீலில் ஒன்றாவது இருக்கும். எஃகுத் திருகும் அலுமினிய உடலும் சேரும் இடத்தில் உப்பு ஈரம் தங்கினால், அலுமினியம் அரித்து வெள்ளை மாவாகிறது. அந்த மாவுதான் திருகைச் சிறைபிடித்திருக்கிறது. பலத்தால் திருகினால் தலை மழுங்கும், அல்லது திருகு உள்ளேயே முறியும்.

இளக்கும் ஸ்பிரேயை ஒரு சொட்டு விட்டு இரவு முழுக்க வையுங்கள். மறுநாள் திருப்புளியைத் தலையில் நன்றாக உட்காரவைத்து, அதன் பிட்டத்தில் சுத்தியலால் லேசாக இரண்டு தட்டு. அதிர்வில் மாவு விரிசல் விடும். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றும் பக்கம். அதற்கும் மசியவில்லை என்றால் ஸ்பிரேயைத் துடைத்துவிட்டு, சால்டரிங் அயர்ன் முனையைத் திருகுத் தலையில் அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். சூட்டில் அலுமினியம் எஃகைவிட அதிகமாக விரியும், பிடி தளரும். கிராஃபைட் உடல் (கிராஃபைட் கலந்த பிளாஸ்டிக்) உள்ள ரீலில் இதைச் செய்யக் கூடாது, உருகிவிடும்.

5. கழுவுதல்: முதலில் மண்ணெண்ணெய், பிறகு தண்ணீர்

மண்ணெண்ணெய் கிரீஸைக் கரைக்கும்; உப்பைக் கரைக்காது. தண்ணீர் உப்பைக் கரைக்கும், கிரீஸைக் கரைக்காது. பழைய ரீலில் உப்பு கிரீஸுக்குள்தான் புதைந்திருக்கிறது. மண்ணெண்ணெயில் மட்டும் கழுவினால் பாகம் பளபளக்கும், ஆனால் உப்பு அங்கேயே இருக்கும். தண்ணீரில் மட்டும் கழுவினால் அது கிரீஸைத் தாண்டி உப்பைத் தொடவே தொடாது.

ஆகவே உலோகப் பாகங்களை மண்ணெண்ணெயில் பத்து நிமிடம் ஊறவைத்து, பல்துலக்கியால் பல் பல்லாகத் தேய்த்து எடுங்கள். திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் பக்கத்தில் இல்லாமல். பின்பு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் இன்னொரு தேய்ப்பு. நல்ல தண்ணீரில் இரண்டு அலசல். துணியால் ஒற்றி, மின்விசிறிக்கு அடியில் உலர்த்துங்கள். ரப்பர் வளையம், பிளாஸ்டிக் பாகங்களுக்கு மண்ணெண்ணெய் வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும்.

பினியன் பெரும்பாலும் பித்தளை. பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளியைத் தொட்டு ஒரு நிமிடம் தேய்க்கலாம். உடனே சோப்பால் கழுவிவிட வேண்டும். மெயின் கியர் பக்கம் புளியைக் கொண்டுபோகாதீர்கள். பல ரீல்களில் அது துத்தநாகக் கலவையில் வார்த்தது. புளிப்பு அதைத் தின்னும்.

உலர்ந்த கியர் பற்களை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பல்லின் முகத்தில் பள்ளமோ உடைவோ இருந்தால் எந்த கிரீஸும் அந்தக் கரகரப்பைப் போக்காது. அதை இப்போதே தெரிந்துகொண்டால் வீணாக இன்னொரு முறை பிரிக்க வேண்டியிருக்காது.

6. பேரிங்குகள்

பேரிங்கையும் அதே வரிசையில் கழுவி, கடைசியில் ஆல்கஹாலில் முக்கி எடுங்கள். ஆல்கஹால் தண்ணீரோடு கலந்து, உள்ளே தங்கிய ஈரத்தையும் இழுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். உலர்ந்ததும் தாமதிக்காமல் ஒரு சொட்டு எண்ணெய். வெறுமையாக விட்டால் நம் கடற்கரைக் காற்றில் ஓரிரவிலேயே துரு பிடிக்கத் தொடங்கலாம்.

சோதிக்க ஒரு பென்சிலில் செருகி விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். வழவழப்பாகப் போனால் சரி. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தட்டினால் உள்ளே குண்டு அரித்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். உள் விட்டம், வெளி விட்டம், அகலம் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து, துருப்பிடிக்காத எஃகில் கேட்டு வாங்குங்கள். உலர்ந்த பேரிங்கைக் காற்றுக் குழாய் வைத்து வேகமாகச் சுழலவிட வேண்டாம். எண்ணெய் இல்லாத குண்டுகள் ஒன்றையொன்று கீறிக்கொள்ளும்.

7. எங்கே எண்ணெய், எங்கே கிரீஸ், எங்கே ஏறக்குறைய ஒன்றுமில்லை

ஒரு விதியை மனதில் வைத்தால் போதும். வேகமாகவும் சுமையின்றியும் சுழல்வதற்கு எண்ணெய். பல்லோடு பல் அழுத்தித் தேய்வதற்கு கிரீஸ்.

லைன் ரோலர் (பெயிலின் ஓரத்தில் நரம்பு ஓடும் சிறு உருளை), கைப்பிடிக் குமிழ், பெயில் மூட்டுகள் எல்லாம் எண்ணெய்க்காரர்கள். மெயின் கியர், பினியன், ஸ்பூலை ஏற்றியிறக்கும் கியர் மூன்றும் கிரீஸ். மெயின் ஷாஃப்டில் கிரீஸைத் தொட்டுத் துணியால் வழித்துவிட்டால் மிஞ்சும் மென்படலமே போதும். உடலுக்குள் இருக்கும் பெரிய பேரிங்குகளுக்குக் கடல் ரீலில் நான் கிரீஸ்தான் வைக்கிறேன். சுழற்சி சற்றுக் கனமாகும். ஆனால் உப்புத் தண்ணீர் நுழைய இடம் குறையும்.

மெயின் கியருக்கு ஒரு பட்டாணி அளவு கிரீஸ். அதைப் பற்களுக்குள் குச்சியால் பரப்புங்கள். டப்பாவில் பாதியை உள்ளே அடைப்பவர்கள் உண்டு. கியர் அதைக் கலக்கிக்கொண்டே சுற்ற வேண்டியிருப்பதால் கைப்பிடி மாவு பிசைவது போல் கனக்கும்.

இனி ஒன்வே பேரிங். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். உருளைகள் ஆப்பு போல இறுகிப் பிடிப்பதால்தான் கைப்பிடி பின்னால் போவதில்லை. கிரீஸ் பட்டால் ஸ்பிரிங்கால் உருளையை நகர்த்த முடியாது. மீன் இழுக்கிற நேரத்தில் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று முட்டியில் அடிக்கும். ஆல்கஹாலால் கழுவி, குண்டூசி முனையில் தொட்ட எண்ணெய் மட்டும் வையுங்கள். துருவைத் தடுக்க அதுவே போதும். பக்கத்து பினியன் பேரிங்கில் வைத்த கிரீஸ் வழிந்து இதன்மேல் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லைன் ரோலரைத் தனியாகப் பாருங்கள். ரீலில் அதிகம் உழைப்பதும், அதிகம் நனைவதும், யாரும் எட்டிப் பார்க்காததும் அதுதான். அது சுழலாமல் நின்றால் நரம்பு முறுக்கேறும். இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பு அதில் வாய்க்காலே வெட்டிவிடும். நகத்தை ஓட்டிப் பாருங்கள், பள்ளம் தட்டினால் ரோலரை மாற்றுங்கள். அந்தப் பள்ளத்து விளிம்புதான் பெரிய மீன் வரும் நாளில் நரம்பை அறுக்கும்.

8. டிராக் வாஷர்கள்

ஸ்பூலின் வாயில் இருக்கும் வளையக் கம்பியை எடுத்தால் வாஷர்கள் அடுக்காக வரும். ஓர் உலோகம், ஒரு கார்பன் அல்லது ஃபெல்ட் (கம்பளி போன்ற அழுத்திய துணி) என மாறி மாறி இருக்கும். உலோகத்தில் சில ஷாஃப்டோடு சுற்றும், சில ஸ்பூலோடு சுற்றும். வரிசை மாறினால் டிராக் பிடிக்காது, அல்லது விடாது. பூக்கட்டுவது போல ஒரு நூலில் வந்த வரிசையிலேயே கோர்த்துவிடுங்கள். வாஷர்களை எடுத்த ஸ்பூலை நரம்போடு ஒரு வாளி நல்ல தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டால் நரம்புக்குள் தங்கிய உப்பும் இறங்கும்.

துரு ஏறிய உலோக வாஷரைக் கண்ணாடி மேல் 600 எண் உப்புத்தாள் விரித்து, தட்டையாக வைத்துத் தேயுங்கள். வளைந்திருந்தால் மாற்றுங்கள். கார்பன் வாஷரை ஆல்கஹாலால் துடைத்து, டிராக் கிரீஸை இரு பக்கமும் மெல்லப் பூசி, மிஞ்சியதை வழித்துவிடுங்கள். ஃபெல்ட் வாஷர் கிரீஸை உள்ளே குடிக்க வேண்டும், அழுத்தித் தேயுங்கள். சாதாரண வண்டி கிரீஸ் இங்கே ஒத்துவராது. சூடேறும்போது அதன் பிடி மாறிவிடும். டிராக் ஒட்டி ஒட்டி இளகும்.

9. பூட்டுதல்

எடுத்த வரிசைக்கு நேர் எதிர் வரிசை. முட்டை அட்டையைக் கடைசிக் குழியிலிருந்து தொடங்குங்கள்.

ஒவ்வொரு திருகின் மரையிலும் துளி கிரீஸ் தடவுங்கள். நான்காவது பகுதியில் நாம் பட்ட பாடு அடுத்த முறை வராமலிருக்க இதுவே மருந்து. எஃகுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே ஈரம் நுழையாது. திருகை வைத்ததும் முதலில் எதிர்ப்பக்கமாகச் சுற்றுங்கள். 'டிக்' என்று ஓர் இறக்கம் தெரியும். பழைய மரை வாயில் திருகு உட்கார்ந்துவிட்டது. அங்கிருந்து இறுக்கினால் புது மரை வெட்டிக் கெடுக்காது. கிராஃபைட் உடலில் விரல் பலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பக்க மூடியைப் பூட்டியதும், ரோட்டர் போடுவதற்கு முன்பே கைப்பிடியைச் செருகி ஒரு முறை சுற்றிப் பாருங்கள். கரகரப்போ இறுக்கமோ இருந்தால் ஷிம்மில்தான் தவறு. இப்போதே திறந்தால் ஐந்து நிமிட வேலை. ஒன்வே பேரிங்கின் நடுக் குழாயை நுழைக்கும்போது நேராகக் குத்தாமல், சுழற்றிக்கொண்டே இறக்குங்கள். உருளைகள் விலகி வழிவிடும்.

10. கடலுக்குப் போகும் முன் சோதனை

கைப்பிடியை வேகமாகச் சுற்றிச் சட்டென்று நிறுத்திப் பின்னோக்கித் தள்ளுங்கள். இருபது முறை செய்து ஒரு முறைகூட வழுக்கக் கூடாது. ஒரு முறை வழுக்கினாலும் ஒன்வே பேரிங்கை எடுத்து ஆல்கஹாலில் கழுவுங்கள்.

பெயிலைத் திறந்து கைப்பிடியைச் சுற்றினால் அது பட்டென்று மூட வேண்டும். நரம்பை இழுத்துப் பிடித்தபடி சுற்றி, லைன் ரோலர் உருள்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

டிராக்கைத் தொங்கு தராசில் அளப்பது நல்லது. நரம்பின் அறும் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வையுங்கள். 9 கிலோ நரம்பென்றால் சுமார் இரண்டேகால் முதல் 3 கிலோ. தராசு முள் துள்ளாமல் ஒரே இடத்தில் நின்றபடி நரம்பு இளக வேண்டும்.

11. அடுத்த முறை பிரிப்பதைத் தள்ளிப்போட

ஒவ்வொரு முறை கடலிலிருந்து வந்ததும் டிராக்கை இறுக்கி, மென்மையாக நனைத்து, துடைத்து, பிறகு டிராக்கை முழுக்கத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் வாஷர்கள் அமுங்கிப்போகும். மூன்று நான்கு முறைக்கு ஒருதரம் லைன் ரோலருக்கு ஒரு சொட்டு. ரீல் தண்ணீரில் முழுகிவிட்டால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் அன்றிரவே திறந்துவிடுங்கள்.

முழுப் பிரிப்பு வருடத்துக்கு ஒன்று போதும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். என் ரீல்களுக்கும் அந்த நாட்கள்தான். பட்டறைகளில் மரைன் கிரீஸ் தாராளமாகக் கிடைக்கும் பருவமும் அதுவே.